கடிக்கும் தையல்

எறும்பு எதுவும் இல்லை.

தலைமையாசிரியை என் சீருடையின் கழுத்து, கை, இடுப்பு எல்லாவற்றையும் துழாவிப் பார்த்துவிட்டார். "கடிக்குது" என்று நான் சொன்னதை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எதுடீ கடிக்குது?"

"தையல் கடிக்குது டீச்சர்."

எனக்கு ஒன்பது வயது. அந்த மாதத்தில் ஏழாவது முறையாகக் கவுனின் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். பிசிறெல்லாம் வெளியே தொங்கும். உடம்புக்கு நிம்மதியாக இருக்கும். வகுப்பில் என் பெயரே புரட்டு என்று ஆகிவிட்டது.

அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். கடையிலிருந்து அப்படியே ஓடிவந்ததால் கழுத்தில் அளவு நாடா கிடந்தது. எங்கள் பள்ளிச் சீருடை முழுவதையும் தைப்பவர் அவர்தான்.

"டெய்லர் பொண்ணே இப்படி வந்தா மத்த பிள்ளைங்களை நான் என்ன சொல்றது? வீட்டுல கண்டிக்கிறதில்லையா?"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுக்கு ஒருமுறை அது டிக் என்றது. அந்த டிக்குகளுக்கு நடுவில் பெரியவர்கள் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. இதற்கு அந்தக் காலத்தில் இருந்த ஒரே பெயர் திமிர்.

"விளிம்பை உள்ள மடிச்சு அடிச்சா குத்தாதும்மா," என்றார் அப்பா. "மேல கூடுதலா ஒரு தையல் கோடு தெரியும். அவ்வளவுதான்."

"இவளுக்கு மட்டும் தனியா ஒரு கோடா? அப்புறம் எதுக்கு யூனிஃபார்ம்? லீவு முடிஞ்சு வரும்போது எல்லாரையும் போல வரணும். இல்லைன்னா வேற ஸ்கூல் பாத்துக்குங்க."

"சரிங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாலையைக் கடக்கும்போது மட்டும், வழக்கம்போல் சட்டை நுனியை என்னிடம் நீட்டினார். கையைப் பிடித்தால் நான் உதறிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க அப்பாவை வீட்டில் பார்ப்பதே அரிதாக இருந்தது. என்மேல் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்த அன்று என் கட்டிலில் புதுக் கவுன் இருந்தது. உள்ளே விரலால் தடவிப் பார்த்தேன். பிசிறே இல்லை. வெளியே தோளிலும் இடுப்பிலும் இரண்டாவது கோடு பளிச்சென்று ஓடியது. நேராகவே போட்டுக்கொண்டேன்.

வரிசையில் நின்றேன். மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு தரையையே பார்த்தேன். யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

தலைமையாசிரியையின் செருப்பு என் முன்னால் வந்து நின்றது.

அவர் விரல் என் தோளிலிருந்த கோட்டைத் தொட்டது. செருப்பு இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. பிறகு நகர்ந்து போய்விட்டது.

அவர் மனம் இரங்கிவிட்டார் என்றே முப்பத்தேழு வருடம் நம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் அவர் புகழைப் பாடியிருக்கிறேன்.

எனக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னது போன மாதம்தான். கேட்டுச் சந்தோஷப்பட அப்பா இல்லை. அன்று வரிசையில் என் பக்கத்தில் நின்ற தோழியிடம் போய்ச் சொன்னேன்.

"அடிப் புரட்டு, இதுக்கு டாக்டர் வேற வேணுமா?" என்று சிரித்தாள். பிறகு அலமாரியைக் குடைந்து, அவள் அம்மா பத்திரப்படுத்தியிருந்த அந்த வருடத்துக் கவுனை எடுத்து என் மடியில் போட்டாள்.

"உங்கப்பா தைச்சது. எனக்கப்புறம் தங்கச்சிங்க ரெண்டு பேரும் போட்டாளுங்க. ஒரு நூல் பிரியலையே!"

தோளிலும் இடுப்பிலும் அதே இரண்டாவது கோடு. உள்பக்கத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு விளிம்பும் மடித்து அடிக்கப்பட்டிருந்தது.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் படித்தோம்.