நாற்பதும் தவறு

மீத்திறன் துறை அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

செண்பகவல்லியின் மூத்த மகள் ஓவியாவை ஏழு வயதில் தேர்வு வைத்து, அதிபுத்திசாலி என்று சென்னை விடுதிப் பள்ளிக்கு எடுத்துப்போனது அந்தத் துறைதான். யாரும் சம்மதம் கேட்கவில்லை. இப்போது விடுமுறைக்கு வந்தால் அவள் அம்மாவிடம் விருந்தாளி போலப் பேசுகிறாள். இளையவள் நிறைமதிக்குப் போன வாரம் ஏழு வயதானதும் அதே தேர்வை வைத்தார்கள்.

"நாற்பது கேள்வியும் தப்பு. நீங்க சொல்லிக்குடுத்தீங்களா?"

"இல்லீங்க சார். இவ படிப்புல மந்தம். டீச்சரே சொல்லுவாங்க."

அவர் நம்பவில்லை. "ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலும் சுமாரா பத்து சரியா வரும். நாற்பதையும் தப்பாப் போடணும்னா, நாற்பதுக்கும் விடை தெரிஞ்சிருக்கணும்மா."

திங்கட்கிழமை மறுதேர்வு என்று சொல்லி, வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மந்தம் என்று மகளைத் திட்டியதெல்லாம் செண்பகவல்லிக்கு நினைவு வந்தது. "தெரிஞ்சேதான் தப்பாப் போட்டியாடி?"

நிறைமதி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"திங்கக்கிழமை பத்து மட்டும் சரியாப் போட்டா, என்னைய விட்டுருவாங்களாம்மா?"