பிப்ரவரி முப்பது

கல்யாணத்துக்குத் தேதி கொடுத்துவிட்டு, கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாமல் நிம்மதியாக இருக்கும் வழியைக் கண்டுபிடித்தவன் ஸ்வீடன் தேசத்திலேயே கொல்லன் ஹால்வர் ஒருவன்தான். இது அவனே சொன்னது. அவன் சம்மட்டியைப் பார்த்த யாரும் மறுத்துப் பேசவில்லை.

"பொம்பளை முன்னால போய் நின்னுக்கிட்டு, எப்ப வெச்சுக்கலாம் எப்ப வெச்சுக்கலாம்னு வழியிறானுங்களே, அவனுங்கள்லாம் ஆம்பளையா?" என்பான். "தேதியை நாம சொல்லணும். அதுவும் வராத தேதியாப் பார்த்துச் சொல்லணும்."

போன அறுவடை முடிந்த ஞாயிறன்று, கோயில் வாசலில் பாதிரியார் அவனை மடக்கினார். மாவு அரைக்கும் ஆலை வைத்திருக்கும் குனில்லா புருஷனை இழந்து தனியாக இருக்கிறாள், நீயும் தனிக்கட்டை, என்ன யோசனை என்று கேட்டார். ஹால்வர் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற குனில்லாவின் கையில் ஊர் பார்க்க அடித்து, "பிப்ரவரி முப்பதாம் தேதி மோதிரம் மாத்திக்கிறேன். சத்தியம்!" என்றான்.

ஊரே சிரித்தது. குனில்லா மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "பிப்ரவரி முப்பது" என்று வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "தேதி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டாம் வருஷத்துப் பஞ்சாங்கம் வந்தது. கோயில் மணியடிக்கும் ஊலோஃப் அதைத் தூக்கிக்கொண்டு நேரே பட்டறைக்கு ஓடிவந்தான்.

"டேய் ஹால்வர், இந்த வருஷம் பிப்ரவரிக்கு முப்பது நாளாம்டா!"

"குடிச்சிருக்கியா?"

"இன்னும் இல்லை. நாள் கணக்கை மாத்துறோம்னு பன்னெண்டு வருஷம் முந்தி ஆரம்பிச்சானுங்கல்ல? பாதியில மறந்துட்டானுங்க. இப்பப் பழைய கணக்குக்கே திரும்பணும்னு ராஜா உத்தரவு. இருபத்தொம்பதோட இன்னும் ஒரு நாள் சேர்த்தாத்தான் சரியா வருமாம்."

"ராஜா சண்டையில தோத்துப் போய்த் துருக்கியிலல்ல இருக்காரு?"

"இருந்தா என்ன? உன் கல்யாணத்தை அங்கேருந்தே நடத்தி வைக்கிறாரு."

ஹால்வருக்குச் சோறு இறங்கவில்லை. கையடித்துக் கொடுத்த வாக்கை மீறினால் கோயில் வாசலில் ஓட்டை போட்ட மரக்கட்டையில் காலைப் பூட்டி உட்காரவைப்பார்கள். போகிற வருகிறவன் எல்லாம் பனியை உருண்டை பிடித்து எறிவான். அந்தக் கட்டைக்குப் பூட்டு அடித்துக் கொடுத்ததே ஹால்வர்தான். அது திறக்காது என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அந்த நாளும் விடிந்தது. காலையிலேயே பட்டறைக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் கூடுதலாக அடித்தான். குளித்து, தாடியை ஒதுக்கி, கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டான். கட்டையில் உட்கார்ந்தாலும் மனுஷனாக உட்காரவேண்டும் அல்லவா? ஒரு மோதிரமும் தயாராக இருந்தது. இழுத்துக்கொண்டு போய்விட்டால் பாதிரியார் முன்னால் வெறுங்கையாக நிற்க முடியுமா? சரியாக வரவில்லை என்று அதை மூன்று தடவை உருக்கி மறுபடி செய்திருந்தான். முன்னெச்சரிக்கை என்றாலும் பார்க்க அழகாக இருக்கவேண்டாமா?

கதவு இடிபட்டது. "யோவ் ஹால்வர், திற!" குனில்லாவின் குரல்.

"நான் ஊர்ல இல்லை!"

"ஊர்ல இல்லாதவன் உள்ளேருந்து எப்படிய்யா பேசுற? திறய்யா!"

திறந்தான். முழங்கால்வரை பனி, தலையெல்லாம் மாவு, மூச்சு வாங்க உள்ளே பாய்ந்தாள். ஹால்வர் பல நாளாக ஒத்திகை பார்த்த பேச்சை எடுத்துவிட்டான்.

"இந்தா பாரு குனில்லா, இது ராஜா சேர்த்த முப்பது. நான் சொன்ன முப்பது வேற. நான் சொன்னது வராத முப்பது."

அவள் காதில் வாங்கவே இல்லை. தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகத் தானே போட்டாள்.

"மெதுவாப் பேசு! தையல்காரன் மோன்ஸ் என்னைத் தேடிக்கிட்டு வண்டியில வர்றான்."

"அவன் எதுக்கு உன்னைத் தேடுறான்?"

"கட்டிக்கத்தான். தொல்லை தாங்காம அவன்கிட்ட பிப்ரவரி முப்பதுன்னு சொல்லி வெச்சேன். இந்த ராஜா இப்படிப் பண்ணுவாருன்னு யாரு கண்டா?"

"அது என் தேதி!"

"உன் தேதிதான். நல்லா வேலை செய்யும்னு நம்பி எடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"அப்ப... நான் குடுத்த வாக்கு?"

"அதையா இன்னும் நெனச்சுக்கிட்டிருக்க? உன்னை விட்டுட்டேன்னு பாதிரியார்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன். உன்னைக் கட்டிக்கவா இந்தப் பனியில ஓடிவந்தேன்? ஊர்லயே கெட்டியான கதவு உன்னோடதுதான், அதான் வந்தேன்."

வெளியே சறுக்குவண்டியின் மணிச்சத்தம் கிட்ட வந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் கோயில் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது.

"இருட்டுற வரைக்கும் இங்கேயே இருந்துக்கிறேன்" என்று குனில்லா பட்டறைக் கல்லின்மேல் உட்கார்ந்து, தலையில் இருந்த மாவைத் தட்டினாள். "இன்னைக்குப் பொழுது போயிட்டா ரெண்டு பேருமே தப்பிச்சோம்."

கட்டை இல்லை, பனி உருண்டை இல்லை. ஹால்வர் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். அவன் போய் அடுப்பைக் கிளறினான். திரும்பி வந்தான். மறுபடி போய்க் கிளறினான்.

"என்னய்யா?" என்றாள் குனில்லா.

ஹால்வர் அடுப்பைப் பார்த்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்.

"மார்ச் ஒண்ணாம் தேதி வெச்சுக்கலாமா?"