அம்மா கைதட்டும் வரை

அம்மாவுக்கு ஸ்லாத் ஊசி போட்டு மூன்று வருடமாகிறது. மரத்தில் தொங்கியே வாழ்கிற அந்த நிதானமான விலங்கைப் போல இதயத்துடிப்பைக் குறைத்து, நாற்பது நிமிடம் மூச்சடக்கி, தூத்துக்குடிக் கடலில் கவிழ்ந்த படகுகளுக்குள் சிக்கியவர்களை மீட்கிறாள். கரையிலும் அதே வேகம்தான். ஒரு இட்லி தின்ன ஒரு மணி நேரம்.

பள்ளி விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்துக்காக எனக்குக் கோப்பை கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகுதான் அம்மாவின் கைகள் மடியிலிருந்து மெல்ல எழும்பின.

"இறங்கும்மா ஜெனோவா, நேரமாச்சு," என்றார் தலைமையாசிரியர்.

"எங்கம்மா இன்னும் தட்டலை சார்," என்று அசையாமல் நின்றேன்.

கூட்டத்தில் ஒரு மீனவர் எழுந்தார். "நிக்கட்டும் சார். அந்தக் கைக்காக நான் கவுந்த படகுக்குள்ள காத்துக் கெடந்தவன்."