பதினேழாம் அத்தியாயம்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதே தங்கபுஷ்பம் மூக்கை உறிஞ்சினாள்.

“பதினேழாம் அத்தியாயத்துல ஒரு பிள்ள வருதுல்லாக்கா. முன்னேயும் இல்ல, பின்னேயும் இல்ல. அதுல மட்டும் வந்து குளத்துல முங்கிச் செத்துப்போவுது. பாவம்.”

தையல்காரர் மனைவி. கதை படித்து அழாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

நூலகர் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

தங்கபுஷ்பம் படியிறங்கியதும் புத்தகத்தைப் புரட்டினாள். பதினாறு. அடுத்து பதினெட்டு.

நடுவில் எதுவும் கிடையாது. கதை முழுக்கச் சென்னையில் நடக்கிறது. அதில் குளமே வராது.

அது கடையில் வாங்கிய புத்தகமல்ல. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. நூலகருடைய அக்கா வடிவு வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துவைத்தாள். பதினேழாவது வாரம் பத்திரிகை வாங்கப் போனவள் திரும்பி வரவில்லை. மறுநாள் குளத்தில் மிதந்தாள்.

கால் வழுக்கிவிட்டது என்றது ஊர்.

மிச்ச வாரங்களை அம்மா வாங்கினாள். மகள் ஆசைப்பட்ட கதை அரைகுறையாக நிற்கக் கூடாதாம். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டாள். அப்புறம் அதை வீட்டில் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்று கிளை நூலகத்தில் கொடுத்துவிட்டாள்.

நாலு பேரா? ஊரே படித்தது.

பின்னாளில் சின்ன மகள் அங்கேயே நூலகராக வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த நாள் முதலாய்ப் பார்க்கிறாள். அதை எடுத்துப் போகிறவர்கள் எல்லோரும் இல்லாத அத்தியாயத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள்.

வடிவு செத்தபோது பிறக்காதவர்கள். வேற்றூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள்.

முதலில் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாள். சண்டைக்குக்கூடப் போனாள். எங்கே, காட்டுங்கள் பார்ப்போம் என்று கண்டக்டர் மந்திரமூர்த்தியை மடக்கினாள். அவர் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். இங்கனதான இருந்துச்சு என்று தலையைச் சொறிந்தார்.

அப்புறம் பயந்தாள். காய்ச்சல் வந்து படுத்தாள்.

அதற்கும் அப்புறம் வெட்கத்தை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினாள்.

அந்தப் பெண் கால் கழுவத்தான் குளத்தில் இறங்கினாளாம். படியெல்லாம் பாசியாம். அவளோடு பேசிக்கொண்டே வந்த ஒருவன் கரையில் இருந்தானாம்.

“நிக்கான். அவ கத்துதா, இவன் நிக்கான். ரெண்டு பேரையும் சேத்து ஆளுக பாத்துட்டா என்ன சொல்லுவாவன்னு நிக்கான், சவத்துப் பய,” என்றார் மந்திரமூர்த்தி.

“யாரு அவன்?”

“பேரு போடலியே.”

எத்தனை பேரிடம் கேட்டாலும் அதே பதில்தான். அவளுக்கு அந்த ஒரு பெயர் தெரிந்தால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

அன்று மத்தியானம் ஆவுடையப்பன் சார் வந்தார்.

வாசகர் வட்டத் தலைவர். பெஞ்சு, பீரோ எல்லாம் அவர் உபயம். அவரைக் கண்டால் பேப்பர் படிக்கிறவர்கள்கூட எழுந்திருப்பார்கள். அவளும் எழுந்தாள்.

மேஜைமேல் சில பழுப்புத் தாள்களை வைத்தார். பக்கத்தில் ஒரு பசைக் குப்பி.

“ஞாயித்துக்கெழம வட்டத்துல உங்க வீட்டுக் கதையத்தான் பேசணும்ங்காவ. அதுல பதினேழு இல்லாம கெடக்குல்லாம்மா. மெட்ராசுல சொல்லி வச்சுத் தேடிப் பிடிச்சேன். ஒட்டிரு.”

தாள்களைப் பிரித்தாள். பதினேழுதான். கடற்கரையில் உட்கார்ந்து நாயகனும் நாயகியும் சுண்டல் தின்கிறார்கள். சிரிக்கிறார்கள். யாரும் சாகவில்லை.

ஒட்டினால் தீர்ந்தது. இனி வருகிறவர்கள் சுண்டலைப் பற்றித்தான் பேசுவார்கள். வடிவின் வாயை மூடியாகிவிடும்.

ஆனாலும் புத்தகம் முழுசாவது நூலகத்துக்கு நல்லதுதானே. பசைக் குப்பியைத் திறந்தாள்.

கை நின்றது.

படித்தவர்கள் அத்தனை பேரும் பதினேழு இருக்கிறது என்கிறார்கள். ஆவுடையப்பன் சார் இந்த நூலகத்தில் தொடாத புத்தகம் இது ஒன்றுதான். அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

அந்த வாரப் பத்திரிகை வீடு வந்து சேரவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வடிவு வரும்போது, கூடவே நடந்தவனுக்குத் தெரியும்.

அட பாவி! இத்தனை வருஷமும் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறாள். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

குப்பியை மூடினாள். தாள்களை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்களே ஒருக்க வாசிங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்.”

பேப்பர்கள் தாழ்ந்தன. ஊர்ப் பெரிய மனிதரிடம் யாராவது வாசிக்கச் சொன்னால் மாட்டேன் என்பாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கடல் அலைகள் என்று தொடங்கினார். கணீரென்ற குரல். இரண்டு வரி வாசித்தார். மூன்றாவது வரியில் குரல் இறங்கியது.

தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். சுண்டல்காரப் பையன் சில்லறை கேட்கிறான். அவ்வளவுதான்.

அவர் அதைக் கடைசிவரை படித்தார். உதடு மட்டும் அசைந்தது. முன்பெஞ்சில் யாரோ சத்தமா சார் என்றார்கள்.

தாளைக் கீழே வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“எனக்கு நல்லா நீச்சல் தெரியும்மா,” என்றார்.