நெருங்கி நில்லுங்க

தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றது.

அப்படியே நின்று தொலைந்தால் தேவலை என்று நினைத்தான்.

தொலையவில்லை. தொண்ணூற்றொன்பது. நூறு.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று, இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க். யூடியூப் பார்த்துப் பார்த்து அவனே பூட்டியது. அலமாரியில் தூசி தின்றுகொண்டிருந்த டிவிடி எல்லாம் அதற்குள் போய்விட்டன. நானூற்றுப் பன்னிரண்டு படம். பாளையங்கோட்டையில் இருக்கிற இந்தப் பெட்டியிலிருந்து, மஸ்கட்டில் இருக்கிற தங்கை வடிவு எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

“வீட்டுக்கே சர்வர் வச்சிட்டியாண்ணே? என்ன இருக்குன்னு கேட்டா வரிசையாச் சொல்லுவாரா?” என்று முதலில் கேலி செய்தாள்.

பிறகு குரல் இறங்கியது.

“எனக்குப் படம்லாம் வேண்டாம்ணே. என் கல்யாண கேசட்டைப் போடு. அம்மா பேசுததக் கேக்கணும்.”

கல்யாணம் முடிந்த மறுவருடமே அம்மா போய்விட்டாள். யார் கையிலும் செல்போன் இல்லாத காலம். குரல் என்று வேறு எங்கும் மிச்சமில்லை.

நானூறு படம் ஏற்றியவனுக்கு இந்த ஒன்றை ஏற்ற மூன்று மாதம் கை வரவில்லை. நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்றான். பிளேயர் கிடைக்கவில்லை என்றான். எல்லாம் புளுகு. இன்றைக்குத்தான் ஏற்றினான்; நூறு என்று வந்து நின்றது அதுதான்.

அதை எடுத்ததும் அவன்தான், வெட்டி ஒட்டியதும் அவன்தான். அப்போது ஊரில் கொஞ்சம் பேர் வாங்கிய வீடியோக்காரன். மண்டப இரைச்சலை மொத்தமாக அணைத்துவிட்டு, முழுக்கச் சினிமாப் பாட்டாக ஏற்றுவதுதான் அன்றைக்கு ஸ்டைல். சொந்தத் தங்கை கல்யாணம் என்று இரண்டு பாட்டு கூடுதலாகவே போட்டான். மூலக் கேசட்டில் அடுத்த முகூர்த்தத்தைப் பதிந்தான். கல்யாணம் முடிந்த கையோடு மஸ்கட் போன வடிவு அதைப் பார்த்ததேயில்லை.

இரைச்சலோடு இரைச்சலாக அம்மாவும் அழிந்திருந்தாள்.

போன் அடித்தது.

“வந்துட்டுண்ணே. பாக்கேன்.”

ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான். இங்கே டிவியிலும் ஓடவிட்டான். அந்தப் பக்கம் பாட்டு. இந்தப் பக்கமும் அதே பாட்டு, இரண்டு நொடி பிந்தி.

தாலி கட்டியாயிற்று. பாட்டு மாறியது. அம்மா வந்தாள், போனாள், யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசினாள். பாட்டுதான் கேட்டது.

அவனால் அதற்குமேல் முடியவில்லை.

“வடிவு, நான்தாம்மா அழிச்சேன். சத்தம் எதுலயும் இல்ல.”

அந்தப் பக்கம் பாட்டு சட்டென்று அணைந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பிறகு அவளே பேசினாள்.

“தள்ளித் தள்ளிப் பாத்துட்டேன். நாப்பத்திரெண்டாவது நிமிசத்துக்குப் போ. போய் நிறுத்து.”

போனான். நிறுத்தினான்.

மேடையில் குடும்பமாக நிற்கிற இடம். மாப்பிள்ளை, வடிவு, ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி, அப்புறம் அம்மா.

இதை அவன் எப்படி மறப்பான். நெருங்கி நில்லுங்க, போட்டோக்காரரைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்கம்மா என்று மூன்று தடவை கத்தினான். அம்மா அசையவில்லை. கேமராவையே முறைத்துக்கொண்டு, கையை ஆட்டி என்னவோ சொன்னாள். மைக் செட் அலறலில் ஒன்றும் கேட்கவில்லை. சபையில் மானம் போகிறது என்று பல்லைக் கடித்தான். பிறகு வெட்டிவிடலாம் என்றுதான் இருந்தான். பாட்டு சரியாக உட்கார்ந்ததால் விட்டுவைத்தான்.

“அம்மா என்ன சொன்னான்னு ஒனக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியாது.”

“பக்கத்துல நிக்கது நான்லா. எனக்குக் கேட்டுச்சு. ‘ஏல, அந்தக் காமிராவ யாருகிட்டயாது குடுத்துட்டு வால. தங்கச்சி பக்கத்துல வந்து நில்லு.’ அதத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுதா. நீ வரவேயில்ல.”

அந்த ‘ஏல’ அப்படியே அம்மாவுடையது. இத்தனை வருடம் தங்கையின் தொண்டையில் பத்திரமாக இருந்திருக்கிறது.

டிவியைப் பார்த்தான். அம்மாவின் கை பாதியில் நின்றிருந்தது. உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் தன் பக்கம் மடங்க. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரிகிற கை. அவள் முறைக்கவேயில்லை. கேமராவுக்குப் பின்னால் மகன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, மேல ஓட்டுவமா?”

மேலே என்ன என்று வெட்டி ஒட்டியவனுக்குத் தெரியும். அவன் நாலாவது தடவையும் கத்துவான். அம்மா கையை இறக்குவாள். ஓர் அடி எடுத்து வைத்து, அவன் சொன்னபடியே நெருங்கி நிற்பாள்.

ரிமோட்டைக் கீழே வைத்தான்.

“வேண்டாம் வடிவு. கொஞ்ச நேரம் அப்படியே நிக்கட்டும்” என்றான்.