நம்மாள்

ட்ரோன் அவளைப் பார்த்துவிட்டது.

தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. கொஞ்சம் தாழ்ந்தது. பச்சை விளக்கைச் சிமிட்டியது. பிறகு தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

மல்லாந்து கிடந்தபடி அது போவதைப் பார்த்தாள். பச்சைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, அதை எழுதியவளே அவள்தான்.

கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் கால் மாட்டிக்கொண்டது. கணுக்கால் திரும்பியிருந்த விதத்தை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பார்க்கத் தைரியம் வரவில்லை.

சித்திரை வெயில். உச்சிப் பொழுது. தண்ணீர் பாட்டில் வேனில் இருந்தது. போனும் வேனில் இருந்தது. வேன் ஊருக்குள் பிரியாணிக் கடை வாசலில் நின்றிருக்கும்.

வேன் ஒன்றல்ல, இரண்டு. அங்கேதான் வந்தது வினை. முதல் வேனில் போனவர்கள் அவள் இரண்டாவதில் வருகிறாள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவதில் இருந்தவர்கள் அவள் முதலாவதில் போய்விட்டாள் என்று நினைத்திருப்பார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கண்மாயில் பொம்மைகளைப் போட வேண்டும். ட்ரோன் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும். எங்கே போடலாம் என்று கருவேலங்காட்டுக்குள் இடம் பார்க்க வந்தவள், இப்போது பொம்மை மாதிரி கிடக்கிறாள்.

வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேடுவதற்காகச் செய்த ட்ரோன் அது. தானே கிளம்பும், தானே தேடும், யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று தானே முடிவுசெய்யும். இன்று சாயங்காலம் வரை அதை யாரும் தொடக்கூடாது. அதுதான் சோதனை.

போன மாதம் வரை அது கண்ணில் பட்டவர்களையெல்லாம் காப்பாற்றத் துடித்தது. மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த பிலவேந்திரனை அடுத்தடுத்து மூன்று தடவை மீட்டது. அவர்தான் குழுவுக்குத் தலைவர். ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு வேறு.

"இதுக்கு ஒரு வழி பண்ணும்மா," என்றார்.

பண்ணினாள். ஆரஞ்சு கோட் போட்டிருப்பவர் தேடப்படுகிறவர் அல்ல, தேடுகிறவர். அவரை விட்டுவிடு. பச்சையைக் காட்டிவிட்டுப் போ.

அந்த வகைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் நாலைந்து எழுதி அடித்துவிட்டு, 'நம்மாள்' என்று வைத்தாள். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அந்தக் குழுவில் அவள் சொன்ன ஒன்றுக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சிவப்பு எரிந்தால் பிலவேந்திரனின் போன் அடிக்கும். படத்தோடு இடத்தையும் காட்டும்.

பச்சைக்கு யாருக்கும் எதுவும் போகாது.

ட்ரோன் ஏர்மாடு மாதிரி சால் மாற்றித் திரும்பி வந்தது. அவள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். கத்தினாள். தன் பெயரைச் சொல்லிக்கூடக் கத்தினாள். அதற்குப் பெயரெல்லாம் தெரியாது.

பச்சை.

இந்நேரம் இலை போட்டிருப்பார்கள். இத்தனை பேருக்கு ஒரே மேசை போதாது. இரண்டு மேசையாக உட்கார்ந்திருப்பார்கள். இந்த மேசைக்காரர்களுக்கு அவள் அந்த மேசையில் இருப்பாள்.

அப்போதுதான் அழுகை வந்தது. காலுக்காக அல்ல.

நாக்கு ஒட்டிக்கொண்டது. அழுவதும் தண்ணீருக்குக் கேடு என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டாள். தன்மேலேயே கோபம் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது முதல் பச்சையிலேயே தெரிந்துவிட்டது. கை போகவில்லை, அவ்வளவுதான்.

எழுந்து உட்கார்ந்து கோட்டைக் கழற்றினாள்.

சுருட்டி, எட்டும் தூரத்துக்குப் புதருக்குள் வீசினாள். முதுகில் வெயில் சுள்ளென்று ஏறியது.

இப்போது அவள் யாரோ.

ட்ரோன் வந்தது. நின்றது. தாழ்ந்தது. முன்னைவிட வெகுவாகத் தாழ்ந்தது. அது கிளப்பிய புழுதி அவள் வாயில் விழுந்தது.

சிவப்பு.

எங்கோ ஒரு மேசையில் போன் அடித்துக்கொண்டிருக்கும். கை கழுவி வந்து எடுப்பார்கள். படத்தைப் பார்ப்பார்கள். பதறி எழுந்திருப்பார்கள். வந்துவிடுவார்கள், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. நல்லவர்கள்தான்.

மேலேயிருந்து ஒரு பெண் பேசினாள்.

"பயப்படாதீங்க. உங்களப் பாத்துட்டோம். ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."

யார் குரல் என்று தெரியச் சற்று நேரம் பிடித்தது. அவளுடையதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யாரும் இல்லாதபோது பேசிப் பதிந்தது. வெள்ளத்தில் நிற்பவர்களிடம் கேட்பதற்காக எழுதிய வாசகங்கள்.

இவ்வளவு கனிவாக யாரும் அவளிடம் பேசி வெகுநாள் ஆயிற்று.

"அடி பட்டிருக்கா?"

"ஆமா. கால்ல."

"உங்ககூட வேற யாராச்சும் இருக்காங்களா?"

படகில் எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. எழுதும்போது அதில் வேறொன்றும் இல்லை.

அவள் வாயில் விழுந்த புழுதியைத் துப்பினாள்.

பதில் வராவிட்டால் அது விடாது. இன்னொரு தடவை, இன்னும் நிதானமாகக் கேட்கும்.

"உங்ககூட யாராச்சும் இருக்காங்களா?"

வேன்கள் போன திசையில் இன்னும் புழுதி கிளம்பவில்லை.

"யாரும் இல்லங்க," என்றாள்.