முறுக்குச் சக்கர சைக்கிள்

“என் புருஷன் சைக்கிள்ல முன்னாடி உட்கார்ந்து போறாளே, அவ யாரு? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!”

விலாசம் விசாரித்து வந்த பானுமதி, செருப்பைக்கூடக் கழற்றாமல் பவித்ராவின் மாடி அறைக்குள் வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் கணவர் அழகிரி, அறுபது தாண்டியவர், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார்.

பவித்ராவுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அவள் செய்த படத்தில் அந்த சைக்கிள் ஓடியது மலைக்கோட்டைக்கு மேலே, மேகத்தில். சக்கரம் இரண்டும் மணப்பாறை முறுக்கு.

பழைய போட்டோ நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, வெட்டி ஒட்டி, இப்படிக் கிறுக்குத்தனமாகப் படம் செய்வதில் அவளுக்கு ஒரு பைத்தியம். உறையூரில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் நெகட்டிவ்களைப் பழைய பேப்பர் கடையில் மூட்டையாகப் பிடித்து, ஸ்ரீரங்கத்து மாடி அறையில் அடைத்து வைத்திருந்தாள். நேற்று இன்ஸ்டாகிராமில் போட்ட படம், இன்று காலை பானுமதியின் குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் போய்விட்டது.

“ஆன்ட்டி, ஆன்ட்டி, முறுக்குல சைக்கிள் ஓடுமா? எல்லாம் நான் ஒட்டினது!”

“முறுக்கை ஒட்டினேன்னா நம்புவேன். ஆளை ஒட்டினேன்னா எப்படி நம்புறது? எங்க சித்தப்பா மகன்கூட போன் பண்ணி விசாரிச்சுட்டான். நான் பையைக் கட்டியாச்சு. உப்பிலியபுரம் பஸ் ஏறி எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்.”

“சத்தியமா ஒட்டினதுதான் பானு! பாப்பா, நீயே சொல்லும்மா,” அழகிரி கெஞ்சினார்.

“சொல்றது என்ன அங்கிள், காட்டிடறேன்! நான் தனியா இருக்கறவங்களைத்தான் எடுப்பேன். ஜோடியா நிக்கிறதைத் தொடவே மாட்டேன், வெட்டுறதுக்குள்ள உசுரு போயிடும்.”

“நெகட்டிவெல்லாம் எதுக்கும்மா? வாயால சொன்னா போதாதா?” அழகிரி குறுக்கிட்டார்.

பவித்ரா அதற்குள் மூட்டைக்குள் பாதி உடம்பை விட்டிருந்தாள். ஒரு துண்டு நெகட்டிவை உருவி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் அல்லவா தெரியும்? போனில் நிறத்தைத் தலைகீழாக்கி, கேமராவைத் திறந்து பானுமதி கையில் கொடுத்தாள்.

“இது வழியாப் பாருங்க ஆன்ட்டி. அங்கிள் தனியா ஸ்டூல்ல இருக்காரா? பக்கத்துப் படத்துல அந்த அக்கா. அவங்களும் தனி. ரெண்டு பேரையும் சைக்கிள்ல ஏத்தினது நான்தான்.”

“ஒரே துண்டுல இருக்கே?”

“ஸ்டுடியோன்னா அப்படித்தான். அவருக்கு அடுத்து யாராவது வந்திருப்பாங்க.”

“ஆமாமா, அன்னைக்கு வெளியில ஒரே கூட்டம்!” என்றார் அழகிரி அவசரமாக.

பானுமதியின் முகம் இளகியது. “அப்பாடா, வயித்துல பாலை வார்த்தே. அந்த வயசுல ராஜா மாதிரில்ல இருந்திருக்காரு மனுஷன்!” என்றவள், ஆசையாகப் போனை அப்படியே துண்டின் அடுத்த படத்துக்கு நகர்த்தினாள்.

“பானு, வா போலாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு!”

“நான்தான் இப்ப போகலையே. எதுக்குப் பறக்கறீங்க?”

போன் ஒரே இடத்தில் நின்றது.

“ஏங்க, இதுல நீங்களும் அவளும் மாலையும் கழுத்துமா நிக்கிறீங்களே… இதையும் இந்தப் பொண்ணுதான் ஒட்டுச்சா?”